வேலை எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு?

நம் ராஜ்யத்துக்கு ஒரு கார் பாக்டரி வருகிறது என்றால் பத்திரிகைகளில் இரண்டு எண்கள் கொட்டை எழுத்தில் வெளிவருகின்றன. ஒன்று, கம்பெனி போடப்போகும் கோடிகள். மற்றொன்று, ஜனங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலைகள். ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, படம் எடுக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. சொன்ன வேலைகள் வந்தனவா, வந்த வேலைகள் எப்படிப்பட்டவை, எத்தனை வருஷம் நிலைத்தன என்று பிறகு கணக்குக் கேட்பார் இல்லை.

அந்தக் கணக்கைக் கேட்கவேண்டியவர்கள் ஆலைத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும்தான். பாக்டரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருஷத்தில் பாதி நாள் வயலில் வேலை கிடைக்காமல் திண்டாடும் கூலிக்காரனுடைய மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலைக்கு அலைகிறான். பஞ்சாலை மூடிக் கிடக்கும் ஊரில் பிள்ளைகள் பஸ் ஏறி வெளியூர் போகிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும். வேண்டும் என்பதால்தான் கேட்கிறோம்: எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு? என்ன சம்பளத்துக்கு?

மறைமலை நகர் கதை

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டு ஜில்லா மறைமலை நகருக்குப் போனால் போதும். அமெரிக்க போர்டு கம்பெனி 1990களின் நடுவில் அங்கே வந்தது. 1999இல் 'ஐகான்' கார், 2010இல் 'பிகோ', 2013இல் 'எக்கோஸ்போர்ட்' என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. வருஷத்துக்கு 2 லட்சம் கார்களும் 3 லட்சத்து 40 ஆயிரம் எஞ்சின்களும் செய்யக்கூடிய பாக்டரி அது. இங்கே செய்த கார்கள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போயின. வெளிநாட்டு வாடிக்கைக்காரர் குறை சொல்லாதபடி வேலை செய்தவர்கள் நம் பிள்ளைகள்தான்.

2021 செப்டம்பர் 9-ந் தேதி கம்பெனி ஓர் அறிவிப்பு விடுத்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், ஆகவே இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்றது. மறைமலை நகரிலும் குஜராத்தில் உள்ள சானந்திலும் சேர்த்து சுமார் 4,000 பேருக்கு வேலை போகும் என்று கம்பெனியே சொல்லிற்று. நஷ்டத்துக்குக் காரணம் யார்? எந்தக் காரைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது, எவ்வளவு பெரிய பாக்டரி கட்டுவது என்பவற்றில் எந்த ஒன்றையாவது தொழிலாளியைக் கேட்டு முடிவு செய்தார்களா? கணக்குத் தவறியது மேலே. சீட்டுக் கிழிந்தது கீழே.

2022 மே மாத இறுதியில் மறைமலை நகர் தொழிலாளர் உற்பத்தியை நிறுத்திப் போராட்டத்தில் இறங்கினார்கள். பாக்டரியை மூடுவதென்றால் எங்கள் வாழ்நாளுக்கு ஏற்ற நஷ்ட ஈடு கொடு என்று கேட்டார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. செப்டம்பரில், ஒவ்வொரு சர்வீஸ் வருஷத்துக்கும் சராசரி 130 நாள் சம்பளம் என்ற கணக்கில் கம்பெனி தன் முடிவை அறிவித்தது. ஒற்றுமையாக நின்று கேட்டிராவிட்டால் இந்தத் தொகையும் வந்திராது.

ஆனால் தொகை வேறு, வேலை வேறு. இருபது வயதில் உள்ளே போனவன் நாற்பதைத் தாண்டி வெளியே வந்தான். பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் நிற்கிறது. பக்கத்துப் பாக்டரி வாசலில் போய் நின்றால், 'இருபது வயதுப் பையன்கள் கிடைக்கும்போது நீங்கள் எதற்கு?' என்ற பதில்தான் கிடைக்கிறது. இவர்களாவது நிரந்தரத் தொழிலாளர். உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு கம்பெனிகளில் இருந்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், கேண்டீனில் சமைத்தவர்கள், தோட்ட வேலை பார்த்தவர்கள் இவர்களையெல்லாம் எந்த நஷ்ட ஈட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? பாக்டரி வரும்போது 'மறைமுக வேலை' என்று சொல்லி இவர்களையும் கூட்டி எண்ணினார்கள். போகும்போது எண்ணவில்லை!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது அதே இடத்தில் புதுக் கதை தொடங்குகிறது. 2025 அக்டோபர் 31-ந் தேதி போர்டு கம்பெனி தமிழக சர்க்காருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் போட்டுப் புது ரக எஞ்சின் செய்யப்போகிறார்களாம். வருஷத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் எஞ்சின்கள். உற்பத்தி 2029இல் தொடங்கும். நேரடி வேலை 600 பேருக்கு மேல்.

வரட்டும். மூடிக் கிடக்கும் பாக்டரி திறந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் 3,250 கோடியை 600ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஏறக்குறைய 5 கோடியே 40 லட்சம் ரூபாய் மூலதனம். 2024 செப்டம்பர் 28-ந் தேதி ராணிப்பேட்டை ஜில்லா பனப்பாக்கத்தில் டாட்டா கார் பாக்டரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே 9,000 கோடி ரூபாய், நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 வேலை என்றார்கள். மறைமுகத்தையும் சேர்த்தே ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம் ஆகிறது.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? கோடிகள் பெருகினால் வேலையும் அதே அளவில் பெருகும் என்பது பொய் என்று சொல்கிறது. இன்றைய கார் பாக்டரியில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுப்பது பிரஸ். பற்றவைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது ரோபோ என்ற இயந்திரக் கை. சாயம் தெளிப்பதும் அதுதான். ஆட்கள் அதிகமாக நிற்பது கடைசியில், பாகங்களைப் பூட்டும் வரிசையில். மின்சாரக் கார் வந்தால் இன்னொரு மாறுதல். அதில் எஞ்சின் இல்லை, பிஸ்டன் இல்லை, புகைக்குழாய் இல்லை. இவற்றையெல்லாம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் கதி என்ன என்பதைப் பற்றி எந்த அடிக்கல் விழாவிலும் பேச்சில்லை.

இயந்திரமா எதிரி?

அப்படியானால் இயந்திரத்தை எதிர்ப்பதா? இல்லை. பஞ்சாலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. ஒரு தறி பார்த்தவனை நான்கு தறி பார்க்கச் சொன்னபோது கேட்ட கேள்வியையே இங்கும் கேட்க வேண்டும். இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குச் சேர்கிறது?

போர்டு கம்பெனியின் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 1913இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் பக்கத்தில் உள்ள ஹைலண்ட் பார்க் பாக்டரியில் ஹென்றி போர்டு நகரும் வரிசையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1914இல் அதே வேலை 93 நிமிஷத்தில் முடிந்தது. தொழிலாளி வரிசையின் வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. தாங்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் வேலை பார்த்த பாக்டரிக்கு 1913 ஒரே வருஷத்தில் 52,000 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தது!

அதன் பிறகுதான் 1914 ஜனவரி 5-ந் தேதி அந்தப் பிரசித்தமான அறிவிப்பு வந்தது. நாளுக்கு 5 டாலர் சம்பளம், ஒன்பது மணி நேரத்துக்குப் பதில் எட்டு மணி நேர வேலை. முதலாளியின் தயாள குணம் என்று இன்றுவரை பாடம் நடத்துகிறார்கள். ஓடுகிற ஆளை நிறுத்தி வைக்கும் உபாயம் அது. நமக்கு முக்கியம் வேறொன்று. ஒன்பது மணி ஷிப்டு இரண்டு ஓடிய இடத்தில் எட்டு மணி ஷிப்டு மூன்று ஓடலாயிற்று. மூன்றாவது ஷிப்டு வந்தால் மூன்றாவது ஆள் வேண்டும். வேலை நேரம் குறைந்ததால் ஆயிரக்கணக்கில் வேலை பிறந்தது. செய்தி கேட்டு உறைபனியில் பாக்டரி வாசலில் கூடிய வேலையற்றோர் மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்பதும் அதே ஜனவரியில் நடந்ததுதான்.

பெருமந்தம் வந்ததும் அந்தக் கம்பெனியும் பல்லாயிரம் பேரை வீதிக்கு அனுப்பியது. 1932 மார்ச் 7-ந் தேதி வேலையிழந்தவர்கள் 14 கோரிக்கைகளை எழுதி எடுத்துக்கொண்டு டியர்பார்னில் உள்ள போர்டு பாக்டரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். நீக்கியவர்களைத் திரும்பச் சேர், வரிசையின் வேகத்தைக் குறை என்றெல்லாம் கேட்டார்கள். துப்பாக்கிதான் பதில் சொல்லிற்று. அன்றே நான்கு பேர் மாண்டார்கள். பின்னர் ஐந்தாமவரும் இறந்தார். அந்தக் கம்பெனி தொழிலாளர் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது 1941இல்தான். சங்கம் வந்த பிறகே வேலையில் நிலையும் பென்ஷனும் பேச்சுவார்த்தைக்கு வந்தன.

இதை நினைவில் வைத்து 2023 ஏப்ரலுக்கு வாருங்கள். நம் சட்டசபையில் ஏப்ரல் 21-ந் தேதி ஒரு மசோதா நிறைவேறியது. பாக்டரிகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் மசோதா அது. புதுக் கம்பெனிகள் வருவதற்கு இது வேண்டும், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்று விளக்கம் சொன்னார்கள். தொழிலாளர் அதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. எட்டு மணி ஷிப்டு மூன்று ஓடும் இடத்தில் பன்னிரண்டு மணி ஷிப்டு இரண்டு ஓடினால், ஓவர்டைம் என்ற பெயரில் வாரத்து ஆறு நாளும் இழுத்துவிட்டால், மூவர் செய்த வேலை இருவருக்குப் போகும். மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போவான். வேலை கொடுக்க வந்த சட்டம் மூவரில் ஒருவனின் வேலையைப் பறித்திருக்கும். எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று சர்க்கார் அந்த மசோதாவை வாபஸ் வாங்கியது. இந்த வெற்றியை மறக்கக் கூடாது.

எப்படிப்பட்ட வேலை?

வேலை என்று எண்ணிக்கை சொல்கிறார்களே, அதில் எது வேலை? ஒரே வரிசையில் ஒரே நட்டை முடுக்குகிறார்கள் நான்கு பேர். ஒருவன் நிரந்தரம். ஒருவன் குறிப்பிட்ட கால ஒப்பந்தம். ஒருவன் காண்ட்ராக்ட்காரனுடைய ஆள். ஒருவன் 'டிரெய்னி'. கார் வாங்குகிறவன் எந்த நட்டை யார் முடுக்கினார் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஆனால் சம்பள நாளன்று கண்டுபிடித்துவிடலாம். நிரந்தரத் தொழிலாளி வாங்குவதில் பாதிகூட மற்றவனுக்கு வராத இடங்கள் பல. கை விரல் போனால் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் கம்பெனி காண்ட்ராக்ட்காரனைக் காட்டும். காண்ட்ராக்ட்காரன் கம்பெனியைக் காட்டுவான்.

இது எங்கோ நடக்கும் அதிசயமல்ல. மத்திய சர்க்கார் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படியே, 2022-23இல் பதிவு பெற்ற பாக்டரித் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் காண்ட்ராக்ட் ஆட்கள். நிரந்தரமாக நடக்கும் வேலையில் காண்ட்ராக்ட் முறையைத் தடை செய்ய 1970ஆம் வருஷச் சட்டம் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. கொடுத்த அதிகாரத்தை எத்தனை தடவை எடுத்து உபயோகித்தார்கள்?

புதுச் சட்டம் வேறு வந்திருக்கிறது. 2020இல் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டத்தில் 100 பேர் வேலை செய்யும் பாக்டரியை மூடுவதற்கே சர்க்கார் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் அனுமதி. கார் கம்பெனியைச் சுற்றி 150 பேர், 250 பேர் என்று வைத்து நடக்கும் உதிரிபாகக் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். இவற்றைப் பூட்டுவதற்கு இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் வேலை பெருகுகிறது என்று பறை அறைகிறார்கள். மறுபக்கம் வேலையிலிருந்து அனுப்பும் வாசலை அகலப்படுத்துகிறார்கள்.

கொடுப்பது யார்?

'கம்பெனி வேலை கொடுக்கிறது' என்பது வழக்கமான பேச்சு. கொடுப்பது கம்பெனி மட்டும்தானா? நிலத்தில் சலுகை, முத்திரைக் கட்டணத்தில் விலக்கு, மின்சார வரியில் விலக்கு, வசூலான வரியிலிருந்து ஒரு பங்கு திரும்பக் கொடுத்தல் இவை யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரி கொடுக்கும் வரியும் அதில் இருக்கிறது. மத்திய சர்க்காரோ 2025 ஆகஸ்டு முதல் இன்னொரு திட்டம் நடத்துகிறது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள். பாக்டரிகளுக்கு இது நான்கு வருஷம். திட்டத்துக்கு ஒதுக்கியது 99,446 கோடி ரூபாய். ஆள் சேர்ப்பதற்கும் நாமே பணம் கொடுக்கிறோம் என்றால், எப்படிச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட நமக்கு உரிமை இல்லையா?

நிலம் கொடுத்த கிராமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டா உள்ளவருக்குக் கிரயம் வரும். அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு, அறுப்பு அறுத்தவனுக்கு என்ன வரும்? நிலமில்லாத விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 2013ஆம் வருஷத்து மத்திய நிலச் சட்டம் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஒப்புக்கொண்டது குடிசைக்கு வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொரு சிப்காட் ஓரத்துச் சேரியிலும் போய்க் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைப்பது பாக்டரிக்குள் கூட்டிப் பெருக்கும் வேலை. அதுவும் காண்ட்ராக்ட்காரன் மூலமாக.

முடியுமா, முடியாதா?

'நிபந்தனை போட்டால் கம்பெனி வேறு ராஜ்யத்துக்குப் போய்விடும்' என்று பயமுறுத்துவார்கள். நிபந்தனை இல்லாமலே 2021இல் கதவைச் சாத்தினார்களே! நிபந்தனை போட்டால் நடக்கும் என்பதற்கும் அதே கம்பெனி சாட்சி. சானந்தில் இருந்த போர்டு பாக்டரியை டாட்டா கம்பெனி 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 2022 ஆகஸ்டில் செய்த கிரய ஒப்பந்தத்தில் நிலம், கட்டிடம், யந்திரங்களோடு, கார் பாக்டரியில் தகுதியுள்ள தொழிலாளர் அனைவரையும் ஏற்றுக்கொள்வது என்றும் எழுதியிருந்தார்கள். 2023 ஜனவரியில் கைமாறியது. ஒரே கம்பெனியின் இரண்டு பாக்டரி. எழுதிய இடத்தில் வேலை தொடர்ந்தது. மறைமலை நகரில் விற்பனை நடக்கவில்லை, எழுதுவதற்கும் இடமில்லாமல் போயிற்று. இப்போது அதே கம்பெனியே திரும்பி வருகிறது. எழுதுவதற்கு இடம் வந்திருக்கிறது.

என்னென்ன எழுத வேண்டும்? முதலாவது, 2022இல் வேலையிழந்த மறைமலை நகர் தொழிலாளருக்கு 600 வேலையில் முதல் உரிமை. வயது என்று சாக்குச் சொல்லக் கூடாது. எஞ்சின் செய்யத் தெரிந்த கைகள் அவை. இரண்டாவது, சலுகைக்காகக் காட்டும் வேலைக் கணக்கில் நிரந்தர வேலையை மட்டும் எண்ண வேண்டும். காண்ட்ராக்ட் ஆளையும் டிரெய்னியையும் கூட்டிக் காட்டும் கணக்கு செல்லாது. மூன்றாவது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். நான்காவது, சொன்ன வருஷத்துக்கு முன் கதவைச் சாத்தினால் வாங்கிய சலுகையை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தாவது, நிலத்தை இழந்த கிராமத்தின் கூலிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சியும் வேலையும். ஆறாவது, எத்தனை பேர் எந்த வகையில் வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கை வருஷா வருஷம் பாக்டரி வாசலிலும் சட்டசபையிலும் வைக்க வேண்டும். ஏழாவது, இயந்திரம் எங்கே ஆளைக் குறைக்கிறதோ அங்கே சம்பளம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைத்து, இன்னொரு ஷிப்டுக்கு ஆள் எடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயத்தை வில்லாய் வளைக்கும் கோரிக்கை அல்ல. ஆனால் தானாக எழுதப்படுவதும் அல்ல. தொழிலாளர் எங்கே கூட்டாகக் கேட்டார்களோ அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே முதல் உரிமை சங்கம் வைக்கும் உரிமை. நிரந்தரத் தொழிலாளியின் சங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இடம் வேண்டும். இன்று அவனை வெளியே நிறுத்தினால், நாளை அவனைக் காட்டியே உன் சம்பளத்தை நிறுத்துவார்கள். பாக்டரித் தொழிலாளியும் பக்கத்து வயல் கூலியும் ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும். அண்ணன் உள்ளே, தம்பி வாசலில், அம்மா வயலில். மூன்று பேரும் ஒரே குடும்பம்தானே?

2029க்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் மறைமலை நகரில் சுவர் எழும்பும், யந்திரம் இறங்கும், ஆள் எடுப்பு தொடங்கும். ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது. தோழர்களே! அடுத்த முறை கொட்டை எழுத்தில் வேலை எண்ணைப் பார்க்கும்போது, பத்திரிகையை மடித்து வைத்துவிடாமல், டீக்கடையில் இருப்பவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: இதில் எத்தனை நிரந்தரம்?